நைல் நதியை அளந்த கல்தூண்

2023 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தில்லிவாழ் மக்கள் யாவரும் ஓர் எண்ணுக்காகவே செவிசாய்த்துக் காத்திருந்தனர். யமுனையின் பழைய இரயில் பாலத்தருகே நீர்மட்டம் 208.66 மீட்டரை எட்டியது. அபாய அளவு 205.33 மீட்டர்; 1978 இல் கண்ட பெருவெள்ளமும் 207.49 மீட்டரே. கரையோரக் குடும்பங்கள் தங்குவதா, வெளியேறுவதா என்பதை அவ்வெண்ணே முடிவு செய்தது.

ஆற்றின் நீர்மட்டத்தை நிலையான அடையாளம் ஒன்றினால் அளந்து, மக்கள் வாழ்வைக் கணிக்கும் இவ்வழக்கம் மிகப் பழைமையானது. அதற்குச் சான்றாக, எகிப்து நாட்டுக் கெய்ரோ நகரின் ரோடாத் தீவில் ஒரு கல்தூண் இன்றும் நிற்கிறது.

நைல் நதியின் ஆண்டுப் பெருக்கை அளப்பதற்காக, கி.பி. 861 இல் அப்பாசியக் கலீபா அல்-முதவக்கில் இதனை அமைப்பித்தார். ஆழமான கற்கிணறு, அதன் நடுவே முழக்கணக்கு பொறித்த எண்கோணச் சலவைக்கல் தூண். வெவ்வேறு உயரங்களில் அமைந்த மூன்று சுரங்க வழிகள் ஆற்றுநீரைக் கிணற்றுக்குள் கொணர்ந்தன. ஆற்றின் நடுவே நட்ட கோலை வெள்ளம் அடித்துச் செல்லும். அலைகளும் அளவைக் குழப்பும். கிணற்றிலோ நீர் அமைதியாய் நிற்கும், தூணும் அசையாது. இக்காலப் பொறியாளரும் ஆற்றங்கரையில் கிணறு அமைத்து இம்முறையிலேயே அளவு காண்கின்றனர்.

நீர் 16 முழம் உயர்ந்தால் வயல்கள் நனையும். அரசும் நிலவரி கேட்கும். குறைந்தாலோ பஞ்சம். ஆகவே அளவு குறைவென்று அறிந்தவுடன் வணிகர் தானியத்தைப் பதுக்குவர், விலை ஏறும். இதனை அஞ்சிய பாத்திமியக் கலீபா அல்-முயிஸ், 16 முழம் நிறையும்வரை அளவைப் பறைசாற்றலாகாது என்று 10 ஆம் நூற்றாண்டில் தடை விதித்தார் என வரலாற்றாசிரியர் மக்ரீசி குறிக்கிறார். அத்தடையின் நோக்கம் நன்றே. ஆயினும், வரவிருக்கும் பஞ்சத்தை முன்னறிந்து கொள்ளும் வழி ஏழை உழவனுக்கும் அடைபட்டதன்றோ!

1970 இல் அஸ்வான் பேரணை நிறைவுற்றது. ஆண்டுப் பெருக்கு அடங்கியது. தூணுக்கும் வேலையில்லாமற் போயிற்று. கல் தான் கண்டதை மறைப்பதில்லை. அது காட்டும் அளவு உரிய வேளையில் எளியோர் செவிக்கும் எட்டும்போதே அளந்ததன் பயன் நிறைவேறுகிறது.