ஒலியைத் தட்டச்சிட்டவர்களும் உருவைத் தட்டச்சிட்டவர்களும்

1991ஆம் ஆண்டில் யூனிகோடின் முதற்பதிப்பும் இந்தியத் தர நிறுவனத்தின் இஸ்கி தரமும் வெளிவந்தன. அதே ஆண்டில், நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் பிரான்ஸ் வெல்தூயிஸ் தேவநாகரியை அச்சிட ஒரு சிறு நிரலை உருவாக்கினார். சமற்கிருதத் துறைகளுக்கு வெளியே அவர் பெயரை அறிந்தோர் குறைவு.

டொனால்டு கனூத் 1978இல் உருவாக்கிய டெக் கணித நூல்களை அழகுற அச்சிட்டது, நாகரியை அறியாது. வெல்தூயிஸ் அதற்கு முன்னால் ஒரு மாற்றியை வைத்தார். பயனர் உரோமன் எழுத்தில் ஒலிப்பு வரிசைப்படி தட்டச்சிடுவார். நாவளை ஒலிக்கு முன் ஒரு புள்ளி இடுவார். கூட்டெழுத்தைத் தேர்வதும் இகரக் குறியை மெய்யின் இடப்புறம் நகர்த்துவதும் நிரலின் வேலை. அதன் விளைவாகிய கோப்பை டெக் பக்கமாக்கும்.

ஒரு பகுதி எப்படித் தோன்றவேண்டும் என்பதை விடுத்து, அது என்ன என்பதைக் குறிக்கவேண்டும் என்பது 1969இல் ஐபிஎம் நிறுவனத்தில் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி மூவரும் வகுத்த குறிமொழியின் அடிப்படை. (அதன் பெயரான ஜிஎம்எல் இம்மூவரின் முதலெழுத்துகளும்கூட.) 1986இன் எஸ்ஜிஎம்எல், 1998இன் எக்ஸ்எம்எல் ஆகியன அதன் வழித்தோன்றல்கள். அவை தலைப்பு, பத்தி என்னும் அளவில் கண்டதை வெல்தூயிஸ் எழுத்தளவில் கண்டார் என்பேன்.

வட இந்திய அச்சகங்கள் வேறு வழி சென்றன. ரெமிங்டன் தட்டச்சுப்பொறியில் பழகிய கைகளுக்கேற்ப, கிருதி தேவ் போன்ற எழுத்துருக்கள் உரோமன் இடங்களில் நாகரி உருத்துண்டுகளை அமர்த்தின. அங்கே ஒலியில் பின்வரும் இகரம் முதலில் தட்டப்படும், தமிழ்த் தட்டச்சில் ஒற்றைக்கொம்பை முன்னே தட்டியதுபோல. ‘தர்ம’ என்பதில் மகரத்துக்கு முன் ஒலிக்கும் ரகரமோ மகரத்துக்குப் பின் தட்டப்படும். தாளில் பிழையில்லை. எழுத்துருவை மாற்றினால் எஞ்சுவது பொருளற்ற உரோமன் எழுத்து.

இவ்விரு வழிகளின் வேறுபாடு வடிவமாற்றத்தின்போதுதான் வெளிப்படுகிறது. வெல்தூயிஸ் முறையில் உள்ளிட்ட சமற்கிருத நூலைச் சில பதிலீட்டு விதிகளால் யூனிகோடாக்கலாம். கிருதி தேவ் கோப்புக்குப் பதிலீடு போதாது. அசையின் எல்லையைக் கண்டறிந்து, கூட்டெழுத்து முழுவதையும் தாண்டிக் குறியை நகர்த்தவேண்டும். அவ்வாறு மாற்றப்படாத இந்தி ஆய்வேடுகளில் ஒரு சொல்லைக்கூடத் தேட இயலாது.

2006இல் ஜான் மக்ஃபார்லேன் என்னும் மெய்யியல் பேராசிரியர் வெளியிட்ட பாண்டாக், அடிக்குறிப்பு, அட்டவணை, தலைப்பு ஆகியவற்றை ஒரு குறிமொழியிலிருந்து மற்றொன்றுக்குத் திறம்படக் கடத்துகிறது. எழுத்துகளை மட்டும் உள்ளபடியே விட்டுவிடும். கிருதி தேவ் ஆய்வேட்டை அதனிடம் தந்தால், இயல்களும் அடிக்குறிப்புகளும் ஒழுங்காக வந்துசேரும். அவற்றுள் இந்தி இராது.