முடங்குறதுக்கு முன்னாடி ஒரு பேர்: முடக்குவாதத்தை அடையாளம் கண்ட கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

திண்டிவனத்துல இருந்து திருவண்ணாமலை போற ரோட்டுல செஞ்சி நெருங்கும்போது, யாரோ பாறையை அள்ளிக் கொட்டி வச்ச மாதிரி மலைகள் வரும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. இந்த மூணையும் வளைச்சுக் கட்டின கோட்டைக்கு நாம செஞ்சின்னு சொல்றோம். பீஜப்பூர் சுல்தானோட படை பிடிச்சப்போ பாதுஷாபாத்னு பேர் வச்சாங்க. 1698-ல முகலாயர் கைக்குப் போனதும் நுஸ்ரத்கட் ஆச்சு. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஜிஞ்சின்னு எழுதினாங்க. கோட்டை ஒண்ணுதான், பேர்தான் ஆளுக்கு ஒண்ணு.

அதே செஞ்சியில, கோட்டைக்குக் கீழே நெல்லும் மணிலாவும் விளையுற ஊர்கள்ல, கதை தலைகீழ். அங்கே நோய் பல, பேர் ஒண்ணு. முட்டி தேய்ஞ்சாலும் வாதம், விரல் வீங்கினாலும் வாதம், காய்ச்சலுக்கு அப்புறம் கணுக்கால் பிடிச்சாலும் வாதம். நாத்து நட்டு, களை எடுத்து, மணிலா பறிச்ச கை வலிச்சா, "வேலை ஜாஸ்தி, வயசும் ஆச்சு"ன்னு பேச்சு முடிஞ்சிடும். சென்னையில ஐ.டி. கம்பெனியில வேலை பார்க்கிறவங்களுக்கு இதே பதில் வேற மாதிரி வரும்: "டைப் பண்ணி டைப் பண்ணி வந்தது."

இந்தப் பெரிய கும்பலுக்குள்ள ஒரு நோய் ஒளிஞ்சிருக்கு. டாக்டர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்னு சொல்வாங்க. தமிழ்ல முடக்குவாதம். உடம்போட எதிர்ப்பு சக்தி தன்னோட மூட்டு உறையையே எதிரின்னு நினைச்சுத் தாக்குற நோய் இது. வயசானவங்களுக்கு மட்டும் வர்றதில்லை. முப்பது, நாற்பது வயசுலயும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு ரெண்டு மூணு மடங்கு அதிகம். இதைக் கும்பல்ல இருந்து தனியாப் பிரிச்செடுக்க மருத்துவத்துக்கு ரெண்டு நூற்றாண்டு ஆச்சு. அந்தக் கதைதான் இன்னைக்கு.

கடைசிக் காட்சியைச் சொல்ற பேர்

முதல்ல நம்ம ஊர் பேரையே எடுத்துக்குவோம். சித்த மருத்துவத்துல யூகி வைத்திய சிந்தாமணி வாத நோய்களை 80 வகையாப் பிரிக்குது. அதுல உதிர வாத சுரோணிதம்னு ஒண்ணு. இன்றைய சித்த மருத்துவர்கள் அதைத்தான் முடக்குவாதத்தோட ஒப்பிடுறாங்க. ஆக, எல்லா மூட்டு வலியும் ஒண்ணு இல்லைன்னு நம்ம ஆட்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. ஆனா அந்த 80 பேரும் ஏட்டோட நின்னுபோச்சு, தெருவுக்கு வந்தது "வாதம்"ங்கிற ஒரே சொல்தான்.

அப்புறம் "முடக்கு"ங்கிற சொல்லைப் பாருங்க. விரல் கோணி, மணிக்கட்டு மடங்கி, ஆள் முடங்கிப்போன நிலை அது. அதாவது நோயோட கடைசிக் காட்சி. அந்தக் காட்சியைப் பார்த்தா யாருக்கும் சந்தேகம் வராது. நோய் இருக்குன்னு அப்போ உறுதியாச் சொல்லிடலாம், ஆனா மூட்டைக் காப்பாத்த முடியாது. இந்த நோயைக் கண்டுபிடிச்ச வரலாறே, கடைசிக் காட்சியில இருந்து முதல் காட்சியை நோக்கிப் பின்னாடி நடந்த வரலாறுதான்.

பாரிஸ், 1800

அந்தக் காலத்து ஐரோப்பாவுல மூட்டு வீங்கினா கௌட்னு சொல்வாங்க. கறியும் மதுவும் தாராளமாக் கிடைக்கிற பணக்கார ஆண்களோட நோய்னு அதுக்கு ஒரு முத்திரை. பாரிஸ்ல சால்பெட்ரியேர்னு ஒரு பெரிய மருத்துவமனை. ஏழைப் பெண்கள் தங்கியிருந்த இடம். அங்கே பயிற்சியில இருந்த லாந்த்ரே-போவேங்கிற இளம் மருத்துவர் 1800-ல ஒரு ஆய்வேடு எழுதினார். ஒன்பது நோயாளிகள், ஒன்பது பேரும் பெண்கள்.

அவர் கேட்ட கேள்வி எளிமையானது. கௌட் பணக்கார ஆண்களோட நோய்னா, இந்த ஏழைப் பெண்களுக்கு எப்படி வந்தது? கௌட்ல பெரும்பாலும் ஒரு மூட்டு, முக்கியமா கால் பெருவிரல், திடீர்னு வீங்கும், அப்புறம் அடங்கும். இவங்களுக்குப் பல மூட்டு, மாசக்கணக்கா, விட்டுப்போகாம. அவரும் இதைக் கௌட்டோட ஒரு வகைன்னுதான் பேர் வச்சார். ஆனா பிரிச்சுப் பார்த்தவர் அவர்தான். யாரை நோயாளியாவே கணக்குல எடுத்துக்கலையோ, அவங்களை உட்கார வச்சுக் கவனிச்சதுனால வந்த கண்டுபிடிப்பு இது.

அடுத்தவர் லண்டன்ல ஆல்ஃபிரட் கேராட். கௌட் நோயாளிகளோட ரத்தத்துல யூரிக் அமிலம் கூடுதலா இருக்குன்னு 1848-ல காட்டினார். அவரோட சோதனைக்கு மெஷின் எதுவும் வேண்டாம், ஒரு நூல் போதும். ரத்தத்துல இருந்து பிரிச்ச நீருல அமிலம் சேர்த்து, நூலை ஊற வச்சா, கௌட் இருக்கிறவங்களுக்கு நூல் மேல படிகம் படியும். மத்தவங்களுக்குப் படியாது. படியாதவங்களோட நோய்க்கு 1859-ல அவர் வச்ச பேர்தான் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். ஒரு விஷயம் கவனிங்க. இந்த நோய் இருக்குன்னு காட்ட அவர்கிட்ட ஒண்ணும் இல்லை. இது கௌட் இல்லைன்னு மட்டும்தான் காட்ட முடிஞ்சது.

தப்பான புரிதலுக்கு என்ன விலைன்னும் வரலாறு சொல்லுது. இருபதாம் நூற்றாண்டோட தொடக்கத்துல, உடம்புல எங்கேயோ ஒளிஞ்சிருக்கிற சீழ்தான் மூட்டைக் கெடுக்குதுன்னு ஒரு கொள்கை பரவுச்சு. விளைவு? அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் நிறைய மூட்டு நோயாளிகளுக்குப் பல்லைப் பிடுங்கினாங்க, டான்சிலை வெட்டினாங்க. பல்லு போச்சு, நோய் போகலை.

ரத்தம் சொன்ன பாதிக் கதை

1940-ல நார்வேயைச் சேர்ந்த எரிக் வாலர் ஒரு ஆய்வை வெளியிட்டார். முடக்குவாதம் இருக்கிறவங்க ரத்த நீரை, தயார்செய்த ஆட்டுச் சிவப்பணுக்களோட கலந்தா, அணுக்கள் திரண்டு கட்டியாகுது. 1948-ல அமெரிக்காவுல ஹாரி ரோஸும் இதையே பார்த்தார். 1956-ல லேடெக்ஸ் துகளை வச்சுச் சுலபமாச் செய்ற முறை வந்தது. இன்னைக்கு நம்ம லேப் ரிப்போர்ட்ல "ஆர்.ஏ. ஃபாக்டர்"னு வர்ற வரி இதுதான்.

பிரச்சனையும் இதோடயே வந்தது. "ஃபாக்டர் பாசிட்டிவ், அப்போ நோய் இருக்கு. நெகட்டிவ், அப்போ இல்லை." ரெண்டுமே தப்பு. நோய் உறுதியான அஞ்சு பேர்ல ஒருத்தருக்காவது இந்தச் சோதனை நெகட்டிவா வரும். இன்னொரு பக்கம், காசநோய், தொழுநோய் மாதிரி நாள்பட்ட தொற்று இருந்தா, முடக்குவாதம் இல்லாமலே பாசிட்டிவ் வரலாம். ஆரோக்கியமான முதியவங்களுக்கும் வரலாம். செங்கல்பட்டுல தொழுநோய்க்குன்னே மத்திய அரசோட ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு. அந்த அளவுக்கு அந்த நோய் பரவியிருந்த மண் இது. தொழுநோய் சில சமயம் மூட்டு வீக்கமாவே வரும். ஐரோப்பாவுல செஞ்ச சோதனையை இங்கே அப்படியே நம்பினா, ஆள் மாறிப்போகும்.

ரெண்டு நோய், ஒரே வளைவு

நம்ம பக்கத்துல இன்னொரு வேஷக்காரன் உண்டு. சிக்குன்குனியா. 1952-ல இன்றைய தான்சானியாவுல, மகோண்டே மக்கள் வாழ்ற மேட்டுநிலத்துல முதல்ல பதிவான நோய். அவங்க மொழியில அந்தப் பேருக்கு "வளைஞ்சு போறது"ன்னு அர்த்தம். நாம "முடக்கு"ன்னு சொன்ன அதே காட்சியைத்தான் அவங்களும் பேராக்கியிருக்காங்க.

1964-ல சென்னை, வேலூர், பாண்டிச்சேரின்னு இது அடிச்சது. அப்புறம் பல வருஷம் சத்தமில்லை. 2006-ல திரும்பி வந்தப்போ வீட்டுக்கு வீடு ஆள் படுத்தாங்க. அதுல நிறைய பேருக்குக் காய்ச்சல் போனபிறகும் மணிக்கட்டு, விரல், கணுக்கால்னு ரெண்டு பக்கமும் வலி மாசக்கணக்கா நீடிச்சது. பார்த்தா அச்சு அசலா முடக்குவாதம் மாதிரி இருக்கும்.

இதனால ரெண்டு பக்கமும் தப்பு நடக்கலாம். சிக்குன்குனியா வலியை முடக்குவாதம்னு நினைச்சு வருஷக்கணக்கா மருந்து எடுக்கலாம். நிஜமான முடக்குவாதத்தை "அது அன்னைக்கு வந்த காய்ச்சலோட மிச்சம்"னு தள்ளிப்போட்டு, கையை இழக்கலாம். பிரிச்சுச் சொல்ல லேப் மட்டும் போதாது. கதை வேணும்: திடீர்னு காய்ச்சலோட தொடங்கினதா, மெல்ல மெல்ல வந்ததா? அதே நேரத்துல வீட்டுல, தெருவுல வேற யாருக்காவது வந்ததா?

தர்பூசணியில இருந்து ஒரு துப்பு

கோடையில திண்டிவனம் ரோட்டோரம் தர்பூசணி குவிச்சு வச்சிருப்பாங்க இல்லையா? தர்பூசணியோட தாவரவியல் பேர் சிட்ருல்லஸ். அந்தப் பழத்துல இருந்து பிரிச்சதுனாலதான் ஒரு அமினோ அமிலத்துக்கு சிட்ருலின்னு பேர் வந்தது. 1998-ல நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு விஷயம் சொன்னாங்க: முடக்குவாதக்காரங்களோட எதிர்ப்பணுக்கள் சிட்ருலின் சேர்ந்த புரதங்களைக் குறி வைக்குது. பயப்படாதீங்க, தர்பூசணி சாப்பிட்டா இந்த நோய் வராது. நம்ம உடம்புப் புரதத்துலயே அந்த மாற்றம் நடக்குது. இதை வச்சு வந்ததுதான் ஆன்டி-சி.சி.பி. சோதனை. பழைய ஃபாக்டரைவிட இது ஆளைத் துல்லியமா அடையாளம் காட்டும். சிலருக்கு மூட்டு வீங்குறதுக்குப் பல வருஷம் முன்னாடியே ரத்தத்துல தெரியும். ஆனா இதுவும் எல்லாருக்கும் பாசிட்டிவ் வராது.

இப்போ விதிமுறை மாறின கதை. 1987-ல அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் ஏழு அடையாளம் குறிச்சாங்க. நாலு இருந்தா முடக்குவாதம். அந்த ஏழுல எக்ஸ்ரேயில எலும்பு அரிச்சிருக்கிறதும், தோலுக்கடியில வர்ற கட்டியும் உண்டு. அதெல்லாம் தெரிய நாளாகும். மறுபடி கடைசிக் காட்சி! 2010-ல அமெரிக்காவும் ஐரோப்பாவும் சேர்ந்து மாத்தி எழுதின விதியில அது ரெண்டும் இல்லை. எத்தனை மூட்டு, அதுல சின்ன மூட்டு எத்தனை, ரத்தச் சோதனை என்ன சொல்லுது, ஆறு வாரம் தாண்டினதா? பத்துக்கு ஆறு மதிப்பெண் வந்தா போதும். ஆனா கணக்குப் போடுறதுக்கு முன்னாடியே ஒரு நிபந்தனை: ஒரு மூட்டாவது வீங்கியிருக்கணும், அந்த வீக்கத்துக்கு வேற நோய் காரணமா இருக்கக்கூடாது. லாந்த்ரே-போவே கேட்ட அதே கேள்வி.

ஏன் இவ்வளவு அவசரம்?

ஏன்னா இப்போ மருந்து இருக்கு. மெத்தோட்ரெக்சேட். அதுக்கும் நம்ம சென்னைக்கும் தொடர்பு உண்டு. பீமாவரத்துல பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில படிச்சவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். காந்தி சொன்னார்னு கதர்ல அறுவைச் சிகிச்சை உடை போட்டதுனால ஆங்கிலேயப் பேராசிரியர் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காம 1923-ல அமெரிக்கா போனவர். அங்கே லெடர்லி ஆய்வகத்துல அவர் குழு உருவாக்கின புற்றுநோய் மருந்துகளோட வரிசையில வந்தது இது. 1948-லயே அவர் இறந்துட்டார். முடக்குவாதத்துக்கு இந்த மருந்தை அமெரிக்க அரசு அங்கீகரிச்சது 1988-ல. இன்னைக்கு உலகம் முழுக்க முதல் மருந்து இதுதான். வாரத்துக்கு ஒரு தடவைதான், தினமும் இல்லை. கல்லீரலைக் கண்காணிக்கணும், கர்ப்ப காலத்துல கூடாது. அதனால குத்துமதிப்பா எடுக்க முடியாது. சரியான பேர் தெரிஞ்சாத்தான் சரியான மருந்து.

குத்துமதிப்பா எடுக்கிறது இன்னொண்ணு: ஸ்டீராய்டு. 1948-ல கார்ட்டிசோன் ஊசி போட்டதும் முடங்கிக் கிடந்தவங்க நடந்தாங்க. 1950-ல நோபல் பரிசே கிடைச்சது. அப்புறம்தான் முகம் உப்பி, எலும்பு தேயுற பக்கவிளைவு தெரிஞ்சது. டாக்டர் அளவு பார்த்துக் குறைஞ்ச நாளைக்குக் குடுத்தா அதுக்கும் இடம் உண்டு. ஆனா பேர் தெரியாத ஊசியும், காகிதத்துல மடிச்சுத் தர்ற மாத்திரையும் வேற. வலி உடனே குறையும், வீக்கம் மறையும். டாக்டர் பார்க்க வேண்டிய தடயமும் மறைஞ்சுபோகும்.

செஞ்சிக்காரங்களுக்கு முண்டியம்பாக்கத்துல விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. புதுச்சேரியில ஜிப்மர். வாதநோய்க்குத் தனித் துறை அமைச்ச இந்திய முன்னோடிகள்ல பேராசிரியர் ஏ.என். சந்திரசேகரன் வளர்த்த சென்னை மருத்துவக் கல்லூரித் துறையும் ஒண்ணு.

போகும்போது ரிப்போர்ட்டோட இந்த நாலு பதிலையும் கொண்டுபோங்க. காலையில எழுந்ததும் விறைப்பு எவ்வளவு நேரம்? பத்து நிமிஷத்துல போயிடுதா, அரை மணி, ஒரு மணி தாண்டுதா? எந்த மூட்டு? விரல் அடி மூட்டு, நடு மூட்டு, மணிக்கட்டுன்னா முடக்குவாதம் பக்கம் சந்தேகம், முட்டியும் விரல் நுனி மூட்டும் மட்டும்னா பெரும்பாலும் தேய்மானம். வலி மட்டுமா, தொட்டா மெத்துன்னு வீக்கமும் இருக்கா? எத்தனை வாரம் ஆச்சு?

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது, அம்மாவோ சித்தியோ "வெறும் வாதம்தான் கண்ணு"ன்னு சொன்னா, அவங்க கையைப் பிடிச்சுப் பாருங்க. விரல் கோணியிருக்கான்னு தேடாதீங்க. காலையில வாசல் தெளிக்கச் சொம்பைப் பிடிக்க முடியுதான்னு கேளுங்க.