ஒரு கழித்தல் கணக்கு



போன வாரம் காட்பாடியில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு இடதுபுறம் காவல்துறையில் வேலை பார்க்கும் பழைய மாணவர். வலதுபுறம் அரசு மருத்துவமனையில் பணிபுரியும் பழைய மாணவி. சாம்பார் வருவதற்குள் இருவருக்கும் வாக்குவாதம். "விபத்து நடந்தா ஸ்பாட்லயே ஆப்ல ஏத்திடறோம் சார், ஆஸ்பத்திரி பக்கம்தான் அப்படியே நிக்குது" என்றார் அவர். "கேஷுவாலிட்டியில உயிரைக் காப்பாத்தறதா, போன்ல டைப் அடிக்கறதா சார்?" என்றார் இவர். சோறு ஆறுகிறது என்று சொல்லி நான்தான் சமாதானம் செய்தேன். அந்தச் சண்டைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், கணக்கு வாத்தியார் என்ற முறையில் ஒரு கழித்தல்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் விபத்து அறிக்கை வெளியிடுகிறது. அதன்படி 2016-ல் தமிழ்நாட்டில் 71,431 விபத்துகள் நடந்து 17,218 பேர் இறந்தார்கள். விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே நமக்குத்தான் முதலிடம். பிறகு இறப்பு மளமளவென்று இறங்கியது. 2018-ல் 12,216, 2019-ல் 10,525, 2020-ல் 8,060. நான்கே ஆண்டில் பாதிக்கும் கீழே. மத்திய அமைச்சர் நிதின் கட்கரி மற்ற மாநிலங்களுக்கு நம்மை முன்மாதிரியாகக் காட்டினார். உலக வங்கியும் பாராட்டியது. 2021-ல் நானும் இதே பக்கத்தில் பெருமையாக எழுதினேன், உங்களில் பலர் கைதட்டினீர்கள்.

அந்தப் பதிவை இன்று திருத்துகிறேன். அதே அமைச்சகம் பின்னர் வெளியிட்ட அறிக்கைகளில் அதே ஆண்டுகளுக்கான நம் எண்கள் மாறியிருக்கின்றன. 2019-க்கு 18,129. 2020-க்கு 14,527. கழித்துப் பாருங்கள். 2019-ல் மட்டும் 7,604 பேர் முதல் கணக்கில் இல்லை. நாம் கொண்டாடிய ஆண்டில் 2016-ஐவிட அதிகம் பேர் இறந்திருக்கிறார்கள்.

ஒரு மனிதர் செத்த பிறகும் எப்படிக் கணக்கில் வராமல் போவார்? ஒருவரைப் பற்றி எனக்குத் தெரியும்.

தொண்ணூறுகளில் என் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் பெங்களூர் ரோட்டில் சைக்கிளில் போகும்போது லாரி மோதியது. அப்பா டேனரியில் கூலி வேலை. எஃப்.ஐ.ஆரில் 'படுகாயம்' என்று எழுதினார்கள். அன்றைக்கு அது சரிதான். பத்தொன்பதாம் நாள் பையன் இறந்துவிட்டான். விபத்து நடந்தது ஒரு காவல் நிலைய எல்லை, மருத்துவமனை இருந்தது இன்னொரு எல்லை. இறப்புத் தகவல் தாள் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகவில்லை. பல மாதம் கழித்து நஷ்டஈட்டுக்குப் போன அப்பாவிடம், 'காயம் என்றுதானே இருக்கிறது' என்றார்கள். நான்தான் மனு எழுதிக் கொடுத்து, கூடவே நாலைந்து தடவை நடந்தேன். கடைசியில் சட்டப்பிரிவை 304-ஏ என்று மாற்றினார்கள். அதற்குள் அந்த ஆண்டின் புள்ளிவிவரம் சென்னைக்குப் போய்விட்டது. அதில் என் மாணவன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறான்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். போலீசின் தாளில் விபத்து இருந்தது. மருத்துவமனையின் ஏ.ஆர். புத்தகத்தில் மரணம் இருந்தது. வண்டியின் பிரேக் எப்படி இருந்தது என்பது மோட்டார் வாகன ஆய்வாளரின் கோப்பில், சாலை வளைவு எப்படி இருந்தது என்பது நெடுஞ்சாலைப் பொறியாளரின் கோப்பில். நாலு தாளும் ஒன்றையொன்று பார்த்ததில்லை.

பார்க்க வைக்கும் முயற்சி நம் மாநிலத்தில் சீக்கிரமே தொடங்கியது. உலக வங்கிக் கடனுதவியுடன் நடந்த தமிழ்நாடு சாலைத் துறைத் திட்டத்தின் கீழ் ஆர்.ஏ.டி.எம்.எஸ். என்ற கணினி முறை வந்தது. போலீஸ் பதிவு செய்யும் விபத்து, வரைபடத்தில் இடத்தோடு தெரியும். போக்குவரத்துத் துறையும் நெடுஞ்சாலைத் துறையும் அதைப் பார்க்கலாம். நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் பலருக்கு உயிர் போகும் இடம் மருத்துவமனை. போலீஸ் தாளில் வராத மரணத்தைக் கணினியும் காட்டாது.

2012-ல் கோவை எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அறுவை மேசையில் தினமும் பார்ப்பதை நீதிமன்றத்துக்கு எடுத்துச் சென்றார் என்றே நான் நினைப்பேன். அதன் விளைவாக 2014-ல் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அது மாநிலங்களின் துறைகளையெல்லாம் கூப்பிட்டுக் கேள்வி கேட்டது.

2021-ல் ஐராட் வந்தது. பந்தியில் சண்டை வந்தது இதற்காகத்தான். உருவாக்கியது சென்னை ஐ.ஐ.டி., நடத்துவது தேசிய தகவலியல் மையம். முதலில் ஆறு மாநிலங்கள், அதில் தமிழ்நாடும் ஒன்று. போலீஸ்காரர் விபத்து இடத்தில் நின்று போனில் பதிந்தால் இடக்குறியீடும் படமும் சேர்ந்து விபத்துக்கு ஒரு எண் உருவாகும். அந்த எண் வாகன ஆய்வாளர், பொறியாளர், மருத்துவமனை மூவருக்கும் போகும். அவரவர் தம் பங்கை நிரப்ப வேண்டும். இதன் நீட்சிதான் இ-டார். 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி முதல் அறிக்கை 48 மணி நேரத்தில், முழு அறிக்கை 90 நாளில் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும்.

2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தொடங்கினார். முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்கும்போது, அடிபட்டவரின் பெயர் சுகாதாரத் துறையிலும் பதிவாகிறது. போலீஸ் கணக்கைச் சரிபார்க்க இன்னொரு கணக்கு கிடைக்கிறது. சுவீடனில் இதைத்தான் செய்கிறார்கள். அங்கே ஸ்ட்ராடா என்ற ஒரே பதிவேட்டில் போலீஸ் தகவலும் மருத்துவமனைத் தகவலும் சேருகின்றன. உலக அளவில் பார்த்தாலும் இடைவெளி பெரிது. 2016-க்கு இந்தியா சொன்ன இறப்பு ஏறத்தாழ ஒன்றரை லட்சம், உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு ஏறத்தாழ மூன்று லட்சம்.

'எண் மாறினால் என்ன சார், செத்தவர் வரப்போகிறாரா?' என்று கேட்பீர்கள். மாட்டார். அடுத்தவர் பிழைக்கலாம். தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டருக்குள் மூன்று ஆண்டில் 10 பேர் இறந்திருந்தால், அல்லது உயிரிழப்போ படுகாயமோ உள்ள 5 விபத்துகள் நடந்திருந்தால், அது 'பிளாக் ஸ்பாட்'. அப்படிக் குறித்தால்தான் விளக்கு, தடுப்பு, சுரங்கப்பாதை என்று பணம் வரும். ஆம்பூரில் ஷூ கம்பெனி ஷிஃப்ட் விடும் நேரத்தில் ரோட்டைக் கடக்கும் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். இறப்பு தவறான இடத்தில் பதிவானால் சுரங்கப்பாதையும் தவறான இடத்தில்தான் வரும்.

நம் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றானது. ஒரே நெடுஞ்சாலை இன்று ராணிப்பேட்டை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று கலெக்டர்களின் கீழ் ஓடுகிறது. காட்பாடியிலிருந்து சித்தூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் ஆந்திரா. அங்கே அடிபட்டவரையும் வேலூருக்குத்தான் தூக்கி வருகிறார்கள். லாரிக்கு எல்லை கிடையாது, தாளுக்குத்தான் உண்டு.

ஆகவே, காவல்துறையில், மருத்துவமனையில், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில், நெடுஞ்சாலைத் துறையில் இருக்கும் என் பிள்ளைகளே, அந்த ஆப்பில் உங்கள் பங்கை நிரப்பாமல் தூங்கப் போகாதீர்கள். மற்றவர்களுக்கு ஒன்று. அடிபட்ட உறவினர் சில நாள் கழித்து இறந்துவிட்டால், அந்தத் துக்கத்திலும் ஒருவர் காவல் நிலையம் போய், வழக்கு இப்போதைய 106-ஆம் பிரிவுக்கு மாறிவிட்டதா என்று கேளுங்கள். ஏ.ஆர். நகலைப் பத்திரமாக வையுங்கள்.

பந்தி முடிந்து கை கழுவும்போது அந்த இருவரும் போன் எண் பரிமாறிக்கொண்டதைப் பார்த்தேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் அப்படி இரண்டு பேர் பேசியிருந்தால் அந்த அப்பாவுக்கு அத்தனை நடை மிச்சமாகியிருக்கும்.

பழைய பதிவில் 10,525 என்று எழுதியது என் தவறு. 18,129 என்று திருத்திக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட் போடுங்கள். பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார், காட்பாடி