பெயரின் கடைசி எழுத்து

பதினெட்டு ஆண்டுகள் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். காலையில் இன்குபேட்டரைத் திறந்து கல்ச்சர் தட்டுகளில் என்ன வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. ஒருமுறை, வழக்கமான கெடு முடிந்தும் எதுவும் வளராத ஒரு தட்டை வீசாமல் வைத்திருந்தேன். அதில் பிறகு முளைத்த கிருமிதான் ஒரு பெண்ணின் நீண்ட காய்ச்சலுக்குக் காரணம் சொன்னது. துறைக் கூட்டத்தில் “லேப் கண்டுபிடித்தது” என்றார்கள். லேபுக்குக் கண் இருக்கிறதா என்ன? ரிப்போர்ட்டில் டாக்டரின் கையெழுத்து மட்டும் இருந்தது.

அந்த ஆற்றாமையோடுதான் பார்ட்டோனெல்லா ஹென்சலே என்ற பாக்டீரியாவின் கதையைப் படிக்கத் தொடங்கினேன்.

கதை பெரு நாட்டில் தொடங்குகிறது. 1870களில் லிமாவிலிருந்து லா ஓரோயாவுக்கு மலைமேல் ரயில் பாதை போட்ட கூலித் தொழிலாளர்கள் ஒரு கடுங்காய்ச்சலில் கூட்டங்கூட்டமாக மடிந்தார்கள். அதே பள்ளத்தாக்குகளில் இன்னொரு நோயும் இருந்தது. தோலில் செக்கச்செவேலென்று மருக்கள் கிளம்பும், தொட்டால் ரத்தம் கொட்டும். இரண்டும் ஒரே நோயா? 1885 ஆகஸ்ட் 27 அன்று தானியேல் கரியோன் என்ற மருத்துவ மாணவர் ஒரு நோயாளியின் மருவிலிருந்து எடுத்ததைத் தன் கையில் ஏற்றிக்கொண்டார். மூன்று வாரங்களில் காய்ச்சல் கண்டது. அக்டோபர் 5 அன்று இறந்தார். மருவிலிருந்து வந்தது காய்ச்சல்; எனவே இரண்டும் ஒரே நோய். அவர் இறந்த நாளைப் பெரு மருத்துவ நாளாகக் கொண்டாடுகிறது. 1909இல் கிருமியைப் பற்றி அறிவித்த ஆல்பர்ட்டோ பார்ட்டனின் பெயர் அந்த இனத்துக்கே சூட்டப்பட்டது. கரியோனின் பெயர் நோய்க்கு வந்தது. இரண்டும் தகுதியான பெயர்கள்தான்.

அடுத்த கட்டம் அமெரிக்காவில், எய்ட்ஸ் பரவிய ஆண்டுகளில். 1983இல் ஒரு எய்ட்ஸ் நோயாளியின் தோலில் சிவந்த கட்டிகள் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். பார்வைக்கு அவை கப்போசி சர்க்கோமா என்ற புற்றுநோய் போலவே இருந்தன. ஆனால் திசுவை வெள்ளிச் சாயத்தில் தோய்த்துப் பார்த்தால் குச்சி குச்சியாகப் பாக்டீரியாக்கள். எரித்ரோமைசின் கொடுத்தால் கட்டிகள் வற்றின. புற்றுநோய் என்று முடிவுகட்டியிருந்தால், மாத்திரையில் தீரக்கூடிய நோய்க்கு உயிரை விட்டிருப்பார்கள்.

அந்தப் பாக்டீரியா வளர்வதற்கு வாரக்கணக்கில் ஆகும். அவசர வேலைக்குப் பழகிய ஆய்வகத்தில் அது குப்பைக்குத்தான் போகும். 1990இல் ஓக்லஹோமாவிலிருந்து வெளியான ஒரு கட்டுரை, காய்ச்சல் நோயாளிகளின் ரத்தத்தில் கிடைத்த புதிய கிருமியை விவரித்தது. அதை எழுதிய நால்வரில் ஒருவர் டயான் ஹென்சல். மருத்துவரல்ல, பல்கலைக்கழக மருத்துவமனை ஆய்வகத்தின் டெக்னீஷியன். 1992இல் அந்தக் கிருமிக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது.

லத்தீனில் ஆணின் பெயரைக் கிருமிக்கு வைத்தால் முடிவில் ‘ஈ’ வரும், டைஃபஸ் கிருமியான ரிக்கெட்சியா புரோவாசெக்கீ போல. பெண் பெயருக்கு ‘ஏ’ வரும். ஹென்சலே. அதே இனத்தில் கோலரே, கிளாரிஜியே என்றும் இரண்டு உண்டு. முதலாவது மருத்துவர் ஜேன் கோலரின் பெயர். அவர் 1992இல் இந்தக் கட்டிகளிலிருந்தே கிருமிகளை வளர்த்துக் காட்டினார். பிறகு ஹென்சலே பூனையிடமிருந்தும், அதன் உறவான குயின்டானா வீடற்றவர்களிடம் பேன்கள் வழியாகவும் வருவதை அவர் குழு தெளிவாக்கியது. இரண்டாவது, அந்தக் கிருமியைப் பிரித்தெடுத்த ஜில் கிளாரிஜின் பெயர். அந்த ‘ஏ’யைப் பாடப் புத்தகத்தில் பலமுறை கடந்திருக்கிறேன். அது ஒரு பெண் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

அந்தக் கட்டி எப்படி வருகிறது? இந்தப் பாக்டீரியா ரத்தநாளத்தின் உட்சுவர் செல்களில் ஒட்டி உள்ளே புகும். ஆக்சிஜன் குறையும்போது செல் செய்வது போலவே, தொற்றுக்குள்ளான செல்லும் விஇஜிஎஃப் என்ற வளர்ச்சிப் புரதத்தைச் சுரக்கும். செல் தானாகச் சாவதையும் பாக்டீரியா தடுக்கும். 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், பாக்டீரியாவே வெளியிடும் பாஃப்ஏ என்ற புரதம் விஇஜிஎஃப் அமரும் ஏற்பியிலேயே அமர்வதைக் கண்டார்கள். நாளங்கள் பெருகினால் கிருமிக்கு வீடும் பெருகும். கிருமி செத்தால் உத்தரவு நின்று, நாளங்கள் சுருங்கிவிடும்.

வளர்ந்த உடலில் புதிய நாளங்கள் இயல்பாக முளைக்கும் இடங்கள் கொஞ்சம்தான்: ஆறும் புண், மாதந்தோறும் புதுப்பிக்கும் கருப்பை உட்சுவர், சூலகம், நஞ்சு. பெண் உடலின் அன்றாட வேலைக்கான மொழியைத்தான் இந்தக் கிருமி திருடிப் பேசுகிறது.

இப்போது பயிற்சிக்கு வரும் பெண்களிடம் இரண்டு விஷயம் சொல்கிறேன். காரணம் இருந்தால் தட்டை வீச அவசரப்படாதீர்கள். பதிவேட்டில் பார்த்தவர் பெயர் என்ற கட்டம் இருக்கிறது. சுருக்கெழுத்து போடாமல் முழுப் பெயரை எழுதுங்கள்.