நின்ற இடத்திலேயே வெந்த குதிரை

கண்மாய்க் கரையில் பனைகளுக்கு நடுவே ஆளைப் போல இரண்டு மூன்று மடங்கு உயரத்தில் நின்ற மண் குதிரை இனி இல்லை. ஐயனாருக்கு நேர்ந்துகொண்டு, ஊர் கூடி வரி போட்டுச் செய்வித்து, கோயில் வாசலில் நின்ற இடத்திலேயே சூளை மூட்டிச் சுட்டெடுத்த பெருங்குதிரையைச் சொல்கிறேன். அது இறந்த நாள் என்று ஒன்றைக் குறிக்க முடியாது. ஊருக்கு ஊர் ஆண்டு வேறு. போன விதம் மட்டும் எங்கும் ஒன்றுதான். பழைய குதிரையின் கால் விரிந்தது, கழுத்து சாய்ந்தது, ஊர்க் கூட்டம் கூடியது, இந்த முறை சிமெண்டில் போட்டுவிடலாம் என்று முடிவானது.

சிறிய குதிரைகள் இன்னும் வருகின்றன. சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரைப் பக்கம், அவற்றைக் கோயிலுக்குச் சுமந்து செல்லும் புரவி எடுப்பு நடக்கிறது. தோளில் சுமக்கிற அளவுக்கு, மண்பாண்டம் செய்யும் வேளார்கள் செய்து தருகிறார்கள். அவை நீடூழி வாழட்டும். ஆனால் 15 அடிக்கும் மேல் எழுந்து நின்ற பெரியது ஊர் வழக்கமாக முடிந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். உலகின் மிகப் பெரிய சுடுமண் உருவங்களில் இடம்பெறத்தக்க ஒன்றை, பள்ளிக்கூடத்தில் சிற்பம் படிக்காதவர்கள், அளவுகோலும் வரைபடமும் இல்லாமல் நம் ஊர்க் கரைகளில் செய்துவந்தார்கள். அதற்கு ஒரு நல்ல இரங்கல்கூட யாரும் எழுதவில்லை என்பது என் மனக்குறை.

வேலை பிடிமண்ணில் தொடங்கும். ஊர்ப் பெரியவர்கள் தாம்பூலத் தட்டோடு வேளார் வீட்டுக்கு வந்து, கோயில் மண்ணில் ஒரு பிடி எடுத்துக் கொடுப்பார்கள். அதை வாங்கிக்கொண்டால் வாக்கு கொடுத்ததாகப் பொருள். அந்தப் பிடி மண்ணைக் குதிரைக்கான மண்ணோடு சேர்த்துப் பிசைவார்கள். குதிரை முடியும்வரை விரதம். எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது; கொடுத்த கையும் வாங்கிய கையும்தான் சாட்சி.

மண் கண்மாயில் கிடைக்கும். கோடையில் நீர் வற்றியதும் வெட்டியெடுத்து, ஊறவைத்து, காலால் மிதித்துப் பதப்படுத்துவார்கள். பானைக்கு வேண்டிய நைசான மண் குதிரைக்கு ஆகாது. மணலும் உமியும் நறுக்கிய வைக்கோலும் சேர வேண்டும். தடித்த களிமண் காயும்போது சுருங்கி வெடிக்கும். மணல் அந்தச் சுருக்கத்தைக் குறைக்கும். உமியும் வைக்கோலும் சூளையில் எரிந்துபோய் நுண்ணிய துளைகளை விட்டுச் செல்லும். உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகி வெளியேற அந்தத் துளைகள்தான் வழி. எந்தக் கண்மாய் மண்ணுக்கு எவ்வளவு மணல் என்பது கைக்குத்தான் தெரியும். அடுத்த ஊர்க் கண்மாய்க்கு அந்தக் கணக்கு செல்லாது.

சிறிய குதிரை என்றால் கால்களையும் கழுத்தையும் திகிரி என்ற வனைச் சக்கரத்தில் குழாயாக வனைந்து ஒட்டிவிடலாம். பெரியதற்குத் திகிரி உதவாது. நான்கு கால்களைத் தரையிலிருந்து உள்கூடாக எழுப்ப வேண்டும். மண் திரியைச் சுற்றி வைத்து, உள்பக்கம் ஒரு கை தாங்க, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டிச் சுவரை இறுக்க வேண்டும். ஒரு முழம் எழுந்ததும் நிறுத்தி, அது காய்ந்து அடுத்த பாரத்தைத் தாங்கும்வரை காத்திருக்க வேண்டும். முழுக்கக் காய்ந்துவிட்டால் புது மண் ஒட்டாது. ஈரம் மிஞ்சியிருந்தால் கால் பிதுங்கும். அந்த நடுப்பதத்தை வெயிலையும் காற்றையும் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். இப்படியே வாரக்கணக்கில் உடல், மார்பு, கழுத்து என்று ஏறும். வயிற்றின் பாரத்தை நான்கு கால்கள் மட்டும் சுமக்க மாட்டா என்பதால் அடியில் ஒரு தூண் நிறுத்துவார்கள். பார்க்கிறவருக்கு அது காவல் வீரனாகவோ அலங்காரமாகவோ தெரியும். எடையைத் தாங்குவதற்காக நின்றதையும் அழகாக்கிவிட்ட கைகள் அவை.

பிறகு மார்பில் சலங்கை மாலை, மணி வரிசை, சேணம், கடிவாளம், நெற்றிப்பட்டம். எல்லாம் உருட்டியும் கிள்ளியும் ஒட்டியவை. உருண்ட கண்ணும் விரிந்த மூக்குத் துளையும் தெரியும் பல்லுமாக, இரவில் ஊரைச் சுற்றி வரப்போகிற காவல் தெய்வத்தின் வாகனம் என்று முகத்திலேயே தெரிந்துவிடும்.

அதற்குப் பிறகுதான் நெருப்பு. இவ்வளவு பெரிய உருவத்தைச் சூளைக்குத் தூக்கிப் போக முடியாது. சூளைதான் குதிரையிடம் வர வேண்டும். உள்ளேயும் வெளியேயும் விறகு, எருவாட்டி, வைக்கோல் அடுக்கி, மேலே சேறு பூசி மூடி, புகை போக ஆங்காங்கே துளை விட்டுத் தீ வைப்பார்கள். 700, 800 டிகிரி வெப்பம் ஏறும். தொடக்கத்தில் தீ வேகமாகப் பிடித்தால் ஆவி அடைபட்டுச் சுவர் வெடிக்கும். மாதக்கணக்கில் செய்த வேலை ஒரே இரவில் பலிக்கும், அல்லது போகும். வேளார் குடும்பமே விடியும்வரை கண்மூடாமல் சூளையைச் சுற்றி நிற்கும். ஆறியதும் மண்ணை விலக்கி, சுண்ணாம்பு அடித்து, வண்ணம் தீட்டிக் கண் திறப்பார்கள். கண் திறக்கும்வரை அது மண். திறந்தபின் செய்தவரே அதைத் தொட்டுக் கும்பிடுவார்.

புதுக்கோட்டை அருகே நமணசமுத்திரத்து ஐயனார் கோயிலுக்குப் போகிறவர்கள் பாதையின் இரு பக்கமும் அணிவகுத்த மண் குதிரைகளைப் பார்க்கலாம். இளங்குடிப்பட்டியிலும் அப்படித்தான். பல தலைமுறைகளில் வைத்தவை ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. பழையவை உடைந்து மண்ணோடு கலந்துகொண்டிருக்கின்றன. கழுத்து முறிந்த ஒரு குதிரையின் உள்ளே எட்டிப் பாருங்கள். வெளிப்பக்கம் வழித்து வழவழப்பாக்கியிருப்பார்கள். உள்ளே அப்படி எதுவும் இல்லை. நான்கு விரல்கள் மண்ணை அழுத்தி இழுத்த கோடுகள் வரிசையாக அப்படியே வெந்து நிற்கும். பெருவிரல் எங்கே திரும்பியது, எங்கே ஈரம் போதாமல் மறுபடி பூசினார் என்பதுவரை படிக்கலாம். அவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. கைரேகை இருக்கிறது.

உடைந்தவற்றை அந்த ஊர்கள் அப்புறப்படுத்தாமல் விட்டது அலட்சியத்தால் அல்ல. நேர்ந்ததைக் கொடுத்தாயிற்று, இனி அது ஐயனாருடையது. மழையில் கரைவதும் வேர் பிளப்பதும் அவர் பாடு. இரண்டு மூன்று மழைக்காலம் சரியாகப் பெய்யாவிட்டாலோ, ஊரில் நோய் கண்டாலோ, திருவிழா கூடினாலோ மறுபடி பிடிமண். குதிரை உடையும் என்பதால்தான் அடுத்த குதிரைக்கு வேலை இருந்தது. வேலை இருந்ததால்தான் மகன் தகப்பனோடு சேற்றில் நின்று கற்றுக்கொண்டான். மதுரை வட்டாரத்து வேளார்களோடு பழகி ஆராய்ந்த ஸ்டீபன் இங்கிலிஸ், இந்தச் செய்தலும் உடைதலும் சேர்ந்ததே அந்தக் கைத்தொழில் என்பதைக் கவனித்து எழுதியிருக்கிறார். அவர் வேளார்களைப் பற்றி எழுதிய நூலை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1980-இல் வெளியிட்டது.

சிமெண்ட் அந்தச் சுற்றை அறுத்துவிட்டது. கம்பி கட்டி, கலவை பூசி, எனாமல் பெயிண்ட் அடித்த குதிரை உடையாது. ஊருக்கு ஒரே செலவு. குடமுழுக்கு வரும்போது பெயிண்ட் மட்டும் புதிதாக அடித்தால் போதும். சுதை வேலையும் நம் மரபுதான், அதன்மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் உடையாத குதிரை வந்த ஊரில் பிடிமண் கொடுக்கக் காரணம் இல்லாமல் போனது. ஒரு தலைமுறை ஒரு பெருங்குதிரைகூடச் செய்யாமல் கழிந்தால், அடுத்த தலைமுறைக்கு அந்த நடுப்பதம் தெரியாது. அதைச் சொல்லிக் கொடுக்க ஏடு இல்லை. பெருங்குதிரையைக் கொன்றது எது என்று கேட்டால், நிரந்தரமாக இருக்கட்டும் என்ற ஆசைதான் என்பேன்.

மற்றவையும் சேர்ந்துகொண்டன. எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் பானை விற்பனையைத் தின்றன. ஆண்டு முழுவதும் பானை வனைந்து பிழைத்தவர்தான் அவ்வப்போது குதிரை செய்தார் என்பதை மறக்கக் கூடாது. விறகு விலை ஏறியது. கண்மாயில் மண் எடுக்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்றானது. ஐப்பசி, கார்த்திகையில் சூளை மூட்ட முடியாது. அந்த மாதங்கள் கடனில்தான் ஓடும். புகையிலும் சேற்றிலும் உடம்பு தேய்ந்த தகப்பன், பிள்ளையை ஐடிஐக்கோ வெளிநாட்டு வேலைக்கோ அனுப்பினால் அது சரியான முடிவு. கலை சாகிறது, ஆகவே நீங்கள் இதிலேயே இருங்கள் என்று அந்தக் குடும்பங்களுக்குச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

எனக்கு மிகவும் வலிப்பது வேறொன்று. பல ஐயனார் கோயில்களில் பூசை உரிமை வேளார்களுடையது. அந்த உரிமை இன்றும் தொடர்கிறது. தாத்தா வனைந்து, சுட்டு, கண் திறந்த கோயிலில், கொத்தனார் கட்டிய குதிரைக்குப் பேரன் மாலை போடுகிறார். பூசாரியாக அவருக்கு மரியாதை குறையவில்லை. செய்பவராக அவரை ஊர் மறந்துவிட்டது.

விருதுகள் வரவில்லை என்று சொல்ல முடியாது. புதுச்சேரி வில்லியனூர் சுடுமண் கலைஞர் முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மானாமதுரை மண்பாண்டங்களுக்கு 2023-இல் புவிசார் குறியீடு வந்தது. டெல்லி கைவினை அருங்காட்சியகத்திலும் கிழக்குக் கடற்கரைச் சாலைத் தட்சிணசித்ராவிலும் ஐயனார் குதிரைகள் நிற்கின்றன. எல்லாம் நல்ல செய்திகளே. அமெரிக்க மட்கலைஞர் ரான் டு பாய்ஸ் 1980களின் தொடக்கத்தில் தந்த ஆவணப்படத்தில், தமிழ்நாட்டுப் பெருங்குதிரை ஒன்று உருவாகும் முறையைக் காணலாம். ஆனால் அருங்காட்சியகத்துக் குதிரைக்கு யாரும் பிடிமண் கொடுப்பதில்லை. அதைச் சுற்றி ஓர் ஊர் இல்லை.

மண்ணுக்கான தடை இப்போது தளர்ந்திருக்கிறது. கண்மாய், ஏரிகளில் வண்டலும் களிமண்ணும் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024-இல் தமிழக அரசு நடைமுறையை எளிதாக்கியது. மண்பாண்டத் தொழிலாளர்களும் அதில் அடங்குவர். எனவே இனிக் கேட்க வேண்டியது ஊர்க்காரர்களிடம்தான். உங்கள் குலதெய்வக் கோயிலில் திருப்பணிக் கணக்கு போடும்போது, உடைந்த மண் குதிரைகளை வாரிக் கொட்டாதீர்கள். சிமெண்டுக்கு ஒதுக்குகிற பணத்தைச் சொல்லி, உங்கள் பகுதி வேளாரிடம் ஒருமுறை விலை கேளுங்கள். பெரியது முடியாது என்று அவர் சொன்னால், முடிந்த அளவில் செய்யச் சொல்லுங்கள். முன்பணத்தை முழுதாகக் கொடுங்கள். அவர் கேட்கிற கோடை மாதங்களைக் கொடுங்கள்.