நுரையில்லாத நுரையீரல்

தொகைச் சொற்களை நடத்தும்போது கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் ஆகிய மூன்றையும் கரும்பலகையில் எழுதிப்போடுவது என் வழக்கம். கல் போன்ற ஈரல், நுரை போன்ற ஈரல் என்று மாணவர்கள் விரித்துவிடுவார்கள். மண்ணீரலில் மட்டும் சற்று இடறுவார்கள். ஆட்டிறைச்சிக் கடையில் நுரையீரலை வெட்டும்போது பார்த்தவர்களுக்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும். அழுத்தினால் வெண்ணுரை பொங்கும். அந்நுரை எளிதில் அடங்காது.

உடனே நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பெயரிட்டவர் கண்ணால் கண்டதைச் சொன்னார், அவ்வளவே. அந்த நுரை ஏன் அடங்குவதில்லை என்ற கேள்விக்கு விடை கிடைக்க 20ஆம் நூற்றாண்டில் பாதி கடக்க வேண்டியிருந்தது. அந்தத் தாமதத்திற்கு விலை கொடுத்தவர்கள் குறைமாதக் குழந்தைகள்.

சுவாசம் நடைபெறும் விதத்தைப் பள்ளியில் படித்திருப்போம். உதரவிதானம் கீழிறங்குகிறது, மார்புக்கூடு விரிகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று புகுகிறது. மூச்சுக்குழல் இருபத்து மூன்று முறை அளவில் கிளைத்துக் கிளைத்துக் காற்று நுண்ணறைகளில் முடிகிறது. வளர்ந்த மனிதரிடம் இவை 30 கோடிக்கு மேல். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. இங்குதான் ஆக்சிஜன் குருதிக்குள் செல்கிறது. கரியமிலவாயு வெளியே வருகிறது.

பாடநூல் சொல்லாமல் விடும் சிக்கல் இனிமேல்தான் தொடங்குகிறது. நுண்ணறையின் உட்சுவர் ஈரமானது. நீர் காற்றைத் தொடும் இடத்தில் பரப்பு இழுவிசை உண்டு. மழைத்துளியை உருண்டையாக்கும் அதே விசை. குமிழி எவ்வளவு சிறியதோ, அதைச் சுருக்கும் அழுத்தம் அவ்வளவு பெரியது. இந்தக் கணக்குப்படி, மூச்சை வெளிவிடும் ஒவ்வொரு முறையும் நம் நுண்ணறைகள் ஒட்டிப்போய்விட வேண்டும். ஏன் ஒட்டிப்போவதில்லை?

1929இல் சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய குர்ட் ஃபான் நீர்கார்ட் என்ற மருத்துவர் எளிய சோதனை ஒன்றைச் செய்தார். பன்றியின் நுரையீரலைக் காற்றால் ஊதினார்; பிறகு திரவத்தால் நிரப்பினார். திரவத்தால் நிரப்ப மிகக் குறைந்த அழுத்தமே போதுமானதாக இருந்தது. காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பு அங்கே இல்லாமற்போனதே காரணம். நுரையீரலைச் சுருக்க முயலும் விசையில் பெரும்பகுதி தசைநாரின் நெகிழ்ச்சியன்று, பரப்பு இழுவிசையே என்று அவர் கண்டார். பிறந்த குழந்தையின் முதல் மூச்சைப் பொறுத்தவரை இதை ஆராய வேண்டும் என்றும் எழுதினார். அக்கட்டுரையை ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் எவரும் பொருட்படுத்தவில்லை. அவரும் வேறு துறைக்குச் சென்றுவிட்டார்.

இக்காலத்தில் பிணக்கூறு ஆய்வாளர்கள் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தனர். குறைமாதத்தில் பிறந்து, மூச்சுக்குப் போராடி, ஓரிரு நாட்களில் இறந்த குழந்தைகளின் நுரையீரலில் கண்ணாடி போன்ற மெல்லிய படலம் காணப்பட்டது. நோய்க்கும் அப்படலத்தின் பெயரையே சூட்டினார்கள். படலம் எங்கிருந்து வந்தது என்பதே கேள்வியாயிற்று. குழந்தை பனிக்குட நீரை உறிஞ்சியதோ, பாலை உறிஞ்சியதோ என்றெல்லாம் ஐயுற்றனர். கண்ணுக்குத் தெரிந்ததைத் துரத்தினார்கள். உண்மையில் அது சிதைந்த சுவரிலிருந்து கசிந்த எச்சம், காரணமன்று, விளைவு.

விடையின் முதற்பாதி நச்சுவாயு ஆய்வுக் கூடங்களிலிருந்து வந்தது என்பது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று. முதல் உலகப்போரில் பயன்பட்ட ஃபாஸ்ஜீன் போன்ற வாயுக்கள் நுரையீரலில் நீர்கோத்து நுரைதள்ளச் செய்பவை. இங்கிலாந்தின் போர்ட்டன் ஆய்வு நிலையத்தில் இந்த நுரையை ஆராய்ந்த ரிச்சர்ட் பாட்டில், அதன் குமிழிகள் நெடுநேரம் சுருங்காமல் நிற்பதைக் கண்டு 1955இல் எழுதினார். அவற்றின் பரப்பு இழுவிசை ஏறத்தாழச் சுழியம் என்பது அவர் முடிவு. அமெரிக்க ராணுவத்தின் வேதியியல் ஆய்வு மையத்தில் இருந்த ஜான் கிளெமென்ட்ஸ் 1957இல் அதை அளந்தே காட்டினார். நுரையீரல் சாற்றைப் படலமாகப் பரப்பிச் சுருக்கினால் இழுவிசை குறைகிறது, விரித்தால் கூடுகிறது. நுண்ணறை சிறுக்கும்போது அதை நசுக்கும் விசையும் தளர்ந்துவிடுவதால் அது திறந்தே நிற்கிறது. கொழுப்பும் சிறிது புரதமும் கலந்த இப்பொருளை நுண்ணறைச் சுவரின் சிறப்புச் செல்களே சுரக்கின்றன. கருவில் அது போதிய அளவு சேர்வதற்கு 34, 35 வாரங்கள் ஆகின்றன.

மறுபாதியைக் கண்டவர் மேரி எலன் ஏவரி. மருத்துவப் பட்டம் பெற்ற சிறிது காலத்திலேயே காசநோயில் படுத்தவர்; நுரையீரல் மீது அவருக்கு ஏற்பட்ட ஈடுபாட்டுக்கு அதுவும் ஒரு காரணம். பாஸ்டனில் இறந்த குழந்தைகளின் நுரையீரல்களைப் பார்த்துவந்த அவர், பிற காரணங்களால் இறந்தவர்களிடம் நுரை இருப்பதையும், கண்ணாடிப்படல நோயால் இறந்தவர்களிடம் நுரையே இல்லாததையும் கவனித்தார். கிளெமென்ட்ஸை நேரில் சென்று சந்தித்து அளக்கும் முறையைக் கற்றுவந்தார். ஜெரி மீட் என்பவருடன் சேர்ந்து 1959இல் முடிவை வெளியிட்டார். அக்குழந்தைகளின் நுரையீரலில் இழுவிசை குறையவே இல்லை. நோய்க்குக் காரணம் அங்கே இருந்த படலம் அன்று, அங்கே இல்லாத ஒன்று. இருப்பதைக் காண்பதற்குக் கண் போதும். இல்லாததைக் காண்பதற்கு, பிறரிடம் இருந்ததை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

காரணம் தெரிந்தும் கையில் மருந்தில்லை. 1963 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக், ஐந்தரை வாரம் முன்னதாக, இரண்டு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடையில் பிறந்தான். பாஸ்டனுக்குக் கொண்டுசென்று உயரழுத்த ஆக்சிஜன் அறையில் வைத்தும் 39 மணி நேரத்தில் இறந்தான். அன்று உலகின் மிகுந்த அதிகாரம் படைத்த தந்தையால் வாங்கித்தர முடியாதது ஓரிரு தேக்கரண்டி நுரைநீர்.

1960களில் செயற்கைக் கொழுப்பைப் புகையாக்கி ஊதிப்பார்த்த முயற்சிகள் பலிக்கவில்லை. வேறொரு வழி நியூசிலாந்தில், செம்மறியாட்டுத் தொழுவத்தில் கிடைத்தது. பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்பதை ஆராய்ந்த கிரஹாம் லிக்கின்ஸ், ஸ்டீராய்டு செலுத்தப்பட்டு மிக முன்னதாகப் பிறந்த ஆட்டுக்குட்டி ஒன்று இறந்திருக்க வேண்டிய நிலையில் மூச்சுவிட்டுக்கொண்டிருப்பதைக் கண்டார். அவரும் ராஸ் ஹவியும் கருவுற்ற தாய்மார்களுக்கு அம்மருந்தைக் கொடுத்து 1972இல் நற்பலனை வெளியிட்டனர். ஆயினும் அமெரிக்காவில் இது பரவலாக வழக்கத்துக்கு வர 1994இன் தேசியப் பரிந்துரை வேண்டியிருந்தது. நீர்கார்ட்டை மறந்ததையாவது அறியாமை என்று மன்னிக்கலாம். கையில் மலிவான ஊசி இருந்தும் இருபதாண்டுகள் தயங்கியதை எப்படி மன்னிப்பது?

1980இல் ஜப்பானின் அகிதா நகரில் டெட்சுரோ ஃபுஜிவாரா, பசுவின் நுரையீரலிலிருந்து எடுத்துப் பக்குவப்படுத்திய பொருளைப் பத்துக் குழந்தைகளின் மூச்சுக்குழலில் நேராகச் செலுத்தினார். சில மணி நேரங்களில் அவர்களின் சுவாசம் தேறத் தொடங்கியது. அமெரிக்காவில் இவ்வகை மருந்துக்கு 1990இல் முதல் அனுமதி கிடைத்தது.

இவ்வளவையும் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் தங்கை மகன். அவன் எட்டாம் மாதத்தில், 31ஆம் வாரத்தில் பிறந்தான். ‘ஏழு தங்கும், எட்டு தங்காதுன்னு சொல்லுவாங்களே’ என்று அம்மா சுவரோரம் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வயிற்றில் கழியும் ஒவ்வொரு வாரமும் ஆதாயமே என்பது அப்போது எனக்கும் தெரியாது. கண்ணாடிக்கு அப்பால் அவனுடைய விலா எலும்புகள் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்கின. உதடு நீலம் பாரித்திருந்தது. மருத்துவர் எழுதித்தந்த சீட்டுடன் மூன்று கடைகள் ஏறி இறங்கி, பனிக்கட்டிப் பெட்டியில் அந்தச் சின்னக் குப்பியை வாங்கிவந்தேன். உள்ளே பால்போல் ஏதோ சில மில்லிலிட்டர். மறுநாள் காலையில் விலா உள்வாங்குவது குறைந்திருந்தது. இப்போது அவன் ஆறாம் வகுப்பு.

அன்றிரவு படியேறி ஓடிவந்த வேகத்தில் பெட்டியை நீட்டியபோது செவிலியர் பதறிச் சொன்னது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. ‘குலுக்காதீங்க சார், நுரைச்சிடும்.’