கட்டம் போட்ட ஆங்கிலம்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்த எங்களுக்கு, ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத் தரப்பட்ட முதல் கருவி ஒரு கட்டம். கரும்பலகையில் நெடுக்குக் கோடு போட்டு மூன்று பத்தி பிரிக்க வேண்டும். முதல் பத்தியில் ‘திஸ் இஸ்’, ‘தட் இஸ்’. நடுவில் ‘மை’, ‘யுவர்’, ‘ஹிஸ்’. கடைசியில் ‘பென்’, ‘புக்’, ‘பேக்’. எதோடு எதைச் சேர்த்தாலும் பிழையில்லாத வாக்கியம் வரும், மொத்தம் 18. சப்ஸ்டிடியூஷன் டேபிள் என்று முழுப்பெயர். எங்களுக்கு வெறும் ‘டேபிள்’.

இதைப் பரப்பியவர் ஹெரால்ட் பாமர் என்ற ஆங்கிலேயர். பெல்ஜியத்தில் வெர்வியே என்ற ஊரில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவரை முதல் உலகப்போர் இங்கிலாந்துக்கே திருப்பி அனுப்பியது. 1916இல் நூறு டேபிள்களைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டார். 1922இல் ஜப்பான் கல்வித் துறைக்கு ஆலோசகராகப் போய், மறுவருடமே டோக்கியோவில் ஆங்கிலப் போதனைக்கென்று ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கினார். அங்கே அவரோடு வேலை பார்த்த ஹார்ன்பி தயாரித்த அகராதிதான், பின்னால் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாகி நம் மேசைகளுக்கு வந்து சேர்ந்தது.

எனக்கு இவர்களைவிட மைக்கேல் வெஸ்டைப் பிடிக்கும். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நடத்தியவர். அவர் கேட்டது ஓர் இன்ஷூரன்ஸ்காரரின் கேள்வி. பாதியில் கட்டுவதை நிறுத்தினால் பாலிசிக்குச் சரண்டர் மதிப்பு என்று ஏதோ கிடைக்கிறதே, பாதியில் படிப்பை நிறுத்தும் பையனுக்கு அதுவரை படித்த ஆங்கிலத்தால் என்ன கிடைக்கிறது? வங்காளத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நடுவில் நின்றுவிடுவதைப் பார்த்துத்தான் இதைக் கேட்டார். பேசத் தெரியாவிட்டாலும் வாசிக்கத் தெரிந்தால் அது கையில் நிற்கும் என்று, எளிய சொற்களில் வாசிப்புப் புத்தகங்கள் எழுதினார். அறுவடைக் காலத்தில் பாதி வகுப்பு காலியாகும் பள்ளிகளில் வேலை பார்த்தவள் நான். அந்தக் கேள்வியின் சூடு எனக்குத் தெரியும்.

சென்னை மாநிலத்துக்கு டேபிள் மொத்தமாக வந்து இறங்கியது 1959இல். ஆரம்ப நிலையில் ஆங்கிலம் எடுக்கும் 27,000 ஆசிரியர்களை மறுபயிற்சிக்கு உட்படுத்தும் திட்டம் அது. பிரிட்டிஷ் கவுன்சில் துணை நின்றது. முதலில் ஒரு சிறு குழுவுக்குப் பயிற்சி. அவர்கள் மாவட்டங்களில் மற்றவர்களுக்கு. அவர்கள் இன்னும் பலருக்கு. உருள உருளப் பெருக்கும் பனிப்பந்து என்ற கணக்கில் ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்று பெயர் வைத்தார்கள். நம் ஊர் வெயிலுக்கு எப்படிப் பொருத்தம் பாருங்கள்!

உருண்டு எங்களிடம் வந்து சேர்ந்தபோது மிஞ்சியிருந்தது டேபிளும் ஒரு துணிப்பையும்தான். பையில் பேனா, பந்து, சாவி, பொம்மை. பேனாவைத் தூக்கிக் காட்டி ‘திஸ் இஸ் எ பென்’ என்போம். வகுப்பு திருப்பிச் சொல்லும். கதவுவரை நடந்து ‘ஐ ஆம் வாக்கிங்’ என்போம். அது பேனா என்பதிலோ, நான் நடக்கிறேன் என்பதிலோ அங்கே யாருக்கும் சந்தேகமில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லாத விஷயங்களை வருடக்கணக்கில் உரக்கச் சொன்னோம்.

இதைச் சந்தேகித்தவர் என்.எஸ். பிரபு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் அதிகாரி. பெங்களூரில் இருந்த தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனத்தோடு சேர்ந்து 1979இலிருந்து 1984வரை ஒரு பரிசோதனை நடத்தினார். உலகம் அதைப் பெங்களூர் திட்டம் என்கிறது. ஆனால் பாடம் நடந்த ஊர்களில் சென்னையும் கடலூரும் உண்டு. கடலூர் மாவட்டத்துக்காரியான எனக்கு இதில் கொஞ்சம் கோபம்.

அந்தத் திட்டத்தில் இலக்கண வரிசை கிடையாது, டேபிள் கிடையாது. ரயில் நேர அட்டவணை, ஊர் வரைபடம், பள்ளி நாட்காட்டி போன்றவற்றை வைத்துக் கணக்குப் புதிர்போல ஒரு வேலை. இந்த ஊருக்கு மத்தியானத்துக்குள் போக வேண்டுமானால் எந்த ரயிலைப் பிடிப்பது? அதேபோன்ற இன்னொன்றை ஆசிரியர் முதலில் வகுப்போடு பேசிப் பேசிப் போட்டுக் காட்டுவார். பிறகு பிள்ளைகள் தனியாகச் செய்வார்கள். விடை சரியா என்றுதான் திருத்தம். பாதிப் பிள்ளைகளாவது பாதி வேலையையாவது முடித்தால் அது தக்க வேலை என்பது பிரபுவின் அளவுகோல். மனசு அர்த்தத்தில் முனைப்பாக இருக்கும்போது இலக்கணம் தானே உள்ளே இறங்கும் என்பது அவர் நம்பிக்கை. குழுவாகப் பிரித்து உட்காரவைப்பதையும் அவர் விரும்பவில்லை. அரைகுறை ஆங்கிலத்தை ஒருவருக்கொருவர் தொற்றவைப்பார்கள் என்றார். சாக்பீஸ் போதும், பெஞ்சை நகர்த்த வேண்டாம். இன்று வெளிநாட்டுப் பயிற்சி வகுப்புகளில் ‘டாஸ்க்’ என்று விரிவாகச் சொல்லித்தரப்படும் முறைக்கு முன்னோடி இது.

டேபிளைத் தூக்கிப்போட வேண்டியதுதானே என்றால், அங்கேதான் சிக்கல். ஆலன் பெரெட்டா என்ற ஆய்வாளர் இந்தத் திட்டத்தைப் பிறகு அலசினார். திட்டக் குழுவோடு நெருக்கமாக இருந்தவர்கள் சமாளித்ததைப்போலச் சாதாரணப் பள்ளி ஆசிரியர்களால் சமாளிக்க முடியவில்லை என்று தெரிந்தது. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. ஒரு பிள்ளை எதிர்பாராத விடை சொன்னால், அந்தக் கணத்தில் ஆங்கிலத்திலேயே ‘ஏன் அப்படி?’ என்று கேட்டு வளர்த்துக்கொண்டு போக வேண்டும். தமிழ் வழியில் படித்து, ஆங்கிலத்தைப் பரீட்சைக்காக மட்டும் எழுதிப் பழகிய எங்களில் எத்தனை பேருக்கு அந்தத் தைரியம் இருந்தது? டேபிள் பிள்ளைக்குப் போட்ட வேலி என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். உண்மையில் அது ஆசிரியருக்குப் போட்டது. அதற்குள் நிற்கும்வரை ஆசிரியர் தப்பாகப் பேச வழியே இல்லை. ஆங்கிலப் போதனை முறைகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் பயத்துக்கு ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டும் என்பேன்.

நான் இரண்டையும் வைத்துக்கொண்டேன். திங்கள் முதல் வியாழன்வரை டேபிள். வெள்ளிக்கிழமை பலகை முழுக்க பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் நிற்கும் ஊர்கள். ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, “பூகோள பீரியடா, டீச்சர்?” என்றார். ஆமாம் சார் என்று சொல்லிவிட்டு, அவர் போனதும் காட்பாடியிலிருந்து தொடர்ந்தோம்.